பழைய பெட்டியை விற்காதே

அன்புள்ள கயலுக்கு,

உன் அறையில் மேசைக்கு அடியில் இருக்கும் விளையாட்டுக் கணினியை, பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் போட்டு வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா, ஜூலையில் மெல்பர்னிலிருந்து திரும்பியதும் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. "ஏன்?" என்று கேட்பாய், அதைச் சொன்னால் "சரி, அப்போ என்ன பண்றது?" என்பாய். இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதல் காரணம் ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் மெமரி. 2025 பிற்பாதியில் அதன் விலை ஏறத் தொடங்கியது. ரேமுக்கான டிராம் சில்லுகளில் உலக அளவில் பெரும்பங்கைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர்தான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் கேட்கும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் அவர்களுக்கு லாபம் அதிகம். இன்றைய ரேம் வகையான டிடிஆர்5இல் ஒரு ஜிபி செய்ய ஆகும் சிலிக்கான் வேஃபரைப்போல் (சில்லுகளை வெட்டியெடுக்கும் தட்டு) ஏறத்தாழ மூன்று மடங்கு, ஒரு ஜிபி எச்பிஎம்முக்குப் போகிறது. வேஃபர் அந்தப் பக்கம் போகப் போக இந்தப் பக்கம் வருவது சுருங்கும். 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குருஷல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அதே மைக்ரான்தான் அந்த ஆண்டு ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் எச்பிஎம் பேக்கேஜிங் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஆலை இருப்பது உட்லண்ட்ஸ் பக்கம். ஆனாலும் சிம் லிம் கணினிக் கடைகளில் இரண்டு ரேம் ஸ்டிக் விலை கேட்டால் நமக்கு வாய் உலர்கிறது.

புதுத் தலைமுறை மதர்போர்டு (எல்லா பாகமும் பொருந்தும் பலகை) என்றால் டிடிஆர்5தான் ஏறும். உன்னிடம் இருக்கும் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ஸ்டிக் இரண்டும் அதில் உட்காராது. பழைய பெட்டியை விற்றால் இன்று எளிதில் கிடைக்காத பொருளைக் கையால் கொடுத்துவிட்டு, அதையே அதிக விலைக்குத் திரும்ப வாங்குகிறாய். இரண்டும் சேர்ந்த 16 ஜிபி போதுமா என்றால், விளையாட்டுக்கு இப்போதைக்குப் போதும். பின்னால் பிரவுசரில் நாற்பது டேப் திறந்து வைக்கும் உன் பழக்கத்துக்குத்தான் போதாது.

உன்னுடையது ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. இதில் மாற்ற வேண்டியவை இரண்டே இரண்டு: பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும். போர்டு, ரேம், 650 வாட் பவர் சப்ளை, கேஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிராசசருக்கு ரைசன் 7 5700எக்ஸ் எடு. 8 கோர், 65 வாட். 3600க்கும் அதே 65 வாட் என்பதால் பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பி450இன் சின்ன விஆர்எம்முக்குச் சுமை ஏறாது. 5800எக்ஸ் என்று யாராவது கைகாட்டினால் வேண்டாம். அது 105 வாட், நம் ஊர் வெக்கையில் அந்தச் சூட்டுக்குக் கூலரையும் மாற்றவேண்டி வரும்.

வேலையின் வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும். 5700எக்ஸை முதலில் மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தட்டினால், பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது; விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் "போர்டு செத்துப்போச்சு" என்று சொல்வது இதைத்தான். பயாஸ் ஃபைலை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த தம்ப் டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃபிளாஷ் வசதி வழியாகவே ஏற்று. விண்டோஸில் ஓடும் அப்டேட் மென்பொருளை நம்பாதே. ஏறி முடிந்ததும் எல்லா செட்டிங்கும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியும் அணைந்துவிடும். அதைத் திரும்பப் போடாவிட்டால் 3200இல் ஓடவேண்டிய ரேம் 2133இலோ 2400இலோ ஓடும். புது பிராசசர் மாட்டியும் வேகமே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

அடுத்து கூலரைக் கழற்றுவது. இதில்தான் கை நடுங்க வேண்டும். உன் போர்டில் ஏறும் ஏஎம்4 வகைப் பிராசசருக்குக் கால்கள் அடியிலேயே இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பசைபோலப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டு மூடியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். வரும்போது நாலு கால் வளையும். ஆகவே முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையில் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவிடு. அணைத்து, வயரைப் பிடுங்கி, கூலரின் பிடிகளைத் தளர்த்திய பிறகு, ஜாடி மூடியைத் திருகுவதுபோல் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பு. வழுக்குவது கைக்குத் தெரியும். அதன்பிறகுதான் தூக்க வேண்டும். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும். தூசியை ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும்.

கிராஃபிக்ஸ் கார்டு. 1660இல், ஆட்டத்தில் ஒளி நிழலை நிஜம்போல் கணக்கிடும் ரே டிரேசிங்குக்கான வன்பொருளே கிடையாது. இதுவரை அது ஓர் அலங்காரம், அணைத்துவிடலாம் என்று இருந்தோம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் அது இல்லாவிட்டால் ஓடுவதே இல்லை. எனவே கார்டு மாறித்தான் ஆகவேண்டும். உன் போர்டுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி உள்ளது, என்பது என் முடிவு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பற்றி எழுதியிருந்தாய், அது மோசமான கார்டு இல்லை. ஆனால் அது போர்டோடு 8 லேனில் (தரவு ஓடும் பாதையில்) மட்டும்தான் பேசும், உன் பி450 பேசுவதோ பிசிஐஇ 3.0 என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பு. புதிய போர்டில் அது தெரியாது. பழைய போர்டில் 8 ஜிபி மாடலைச் சொருகி, கார்டின் மெமரி நிரம்பி, மிச்சம் ரேமுக்கு வழியும்போது அந்தக் குறுகிய சந்தில் நெரிசலாகி ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். 9060 எக்ஸ்டி 16 லேன் பேசும், 160 வாட்தான், பெரும்பாலும் ஒரே ஒரு 8 பின் வயர் போதும். பவர் சப்ளையைத் தொட வேண்டாம். எந்தக் கம்பெனி எடுத்தாலும் 8 ஜிபி மாடல் மட்டும் வேண்டாம். பெயர் ஒன்றே, பெட்டி ஒன்றே, ஓரத்தில் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம். அப்படி விற்பது அயோக்கியத்தனம்.

இல்லாத ஃபிரேமைத் தானே உருவாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டால் நொடிக்கு 120 ஃபிரேம் வருகிறது என்று விளம்பரம் காட்டும் எண்ணைப் பார்த்தும் மயங்காதே. நடுவில் செருகும் ஃபிரேம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நீ பட்டனை அழுத்துவதை அது கேட்காது, அசல் ஃபிரேம்தான் கேட்கும். அடிப்படையில் 60 வந்தால் அதைப் போட்டுக்கொள். 30 வந்தால் போடாதே, தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும்.

கரோசலில் யாரிடமாவது பழைய கார்டு வாங்குவதானால், புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று கைமாற்றிக்கொள்ளும் வேலை வேண்டாம். அவர் வீட்டில் ஒரு கணினியில் மாட்டி ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓடவிடச் சொல். மூன்று நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, சூடேறிய பிறகுதான் மெமரி கோளாறு புள்ளி புள்ளியாகத் திரையில் முளைக்கும். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். முன்பணமாக பேநவ் பணமாற்று வசதியில் ஒரு வெள்ளிகூட அனுப்பாதே. கடையில் வாங்கினால் குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் உண்டு, 2012 செப்டம்பரிலிருந்து. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பழைய பொருளுக்கும் அது பொருந்தும். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதற்கு அந்தச் சட்டம் வராது. நூறு வெள்ளி மிச்சம் என்று போகும்போது இதையும் கணக்கில் வை.

இனி விண்டோஸ். 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. உன் பிராசசர் 11க்குத் தகுதியானதுதான், பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருப்பதால் "தகுதி இல்லை" என்று காட்டுகிறது. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்கும் கணினி இடம் தரவேண்டும். உன் டிரைவ் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றாமல், பழைய முறையில் தொடங்கவிடும் சிஎஸ்எம்மைப் பயாஸில் அணைத்தால், டிரைவே இல்லை என்று கணினி கைவிரித்துவிடும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் சரிபார்க்கும் கட்டளையோடு ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்றால் மாற்று. மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அது மறுத்துவிடும்.

செக்யூர் பூட் கேட்பது மைக்ரோசாஃப்ட் மட்டுமில்லை. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட்டத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், பேட்டில்ஃபீல்டு 6 ஆட்டம் இரண்டும் கேட்கின்றன. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க விண்டோஸின் அடியாழமான கர்னல் வரைக்கும் இறங்குகிறோம் என்கிறார்கள். வேன்கார்ட் நீ ஆட்டத்தைத் திறக்காவிட்டாலும் கணினி எழும்போதே கூட எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஏமாற்று குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் தெருவில் திருட்டு நடக்கிறது என்று காவலரை நம் படுக்கையறையில் குடிவைப்பதுபோல்தான் எனக்குப் படுகிறது. ஆடத்தான் வேண்டும் என்றால் ஆடு. வங்கி வேலையை அந்தக் கணினியில் வைத்துக்கொள்ளாதே.

கணினி உனக்குச் சொந்தம், அதனால்தான் இவ்வளவும் திறந்து மாற்ற முடிகிறது. அதற்குள் இருக்கும் ஆட்டங்கள் அப்படி இல்லை. "என் ஸ்டீம் கணக்கைத் தம்பிக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். முடியாது. கணக்கை இன்னொருவருக்கு மாற்ற, ஆட்டம் விற்கும் அந்த ஸ்டீம் கடையின் விதி இடம் தரவில்லை. நீ வாங்கியது ஆட்டமே இல்லை, உரிமம். 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே அதை எழுதிக் காட்டுகிறார்கள், கலிஃபோர்னியா சட்டத்தின் புண்ணியம். யூபிசாஃப்ட்டின் தி குரூ ஆட்டத்துக்கு 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை மூடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லாமல் போனது. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அவர்கள் கேட்பது நியாயம். என்றென்றைக்கும் சர்வர் நடத்து என்று கேட்கவில்லை, மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள்.

கணக்கைக் கொடுப்பதற்குப் பதில், நீ திரும்பி வந்து உன் கணக்கின் நாட்டைச் சிங்கப்பூருக்கு மாற்றிய பிறகு ஆட்டங்களைக் குடும்பத்தோடு பகிரும் ஸ்டீம் ஃபேமிலிஸில் தம்பியைச் சேர். ஆறு பேர் வரை சேரலாம். உன் ஆட்டங்களில் பெரும்பாலானவை அவனுக்கும் கிடைக்கும், ஆனால் ஒரே பிரதியை இருவரும் ஒரே நேரத்தில் ஆட முடியாது. சேர்ந்துவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற ஓராண்டு காத்திருக்க வேண்டும். இன்னொன்று: உன் பிரதியில் அவன் ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டினால் அந்த ஆட்டத்தில் உனக்கும் தடை விழும். அவனிடம் அதைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு.

ஜிஓஜி கடையில் வாங்கிய ஆட்டங்களுக்கு மட்டும், இணையம் இல்லாமலே நிறுவும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைக்கும். அவற்றை இறக்கி ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கில் போட்டு வை. எஸ்எஸ்டியில் வேண்டாம்; மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டி எழுதியதை மறக்கும். ஹார்டு டிஸ்க்கை அலமாரியில் வெறுமனே வைத்தாலும் இந்த ஊர் ஈரப்பதம் விடாது. கேமரா லென்ஸ் வைக்கும் டிரை பாக்ஸில் ஓர் ஓரம் அதற்குக் கொடு.

தம்பி கென்ஷின் இம்பாக்ட் ஆடுவதைப் பற்றி அம்மா உன்னிடம் புலம்பினாளாம். ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, என் சண்டை அதன் கல்லாப்பெட்டியோடு. அரிய ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ, குலுக்கல்போன்ற ஒவ்வோர் இழுப்பிலும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90ஆவது இழுப்பில் கட்டாயம் விழும், ஆனால் நீ கேட்டதே விழும் என்று இல்லை. துரதிருஷ்டம் முழுதாகப் பிடித்தால் 180 இழுப்பு. இழுப்புக்கு பிரைமோஜெம் என்ற ஆட்ட நாணயம் 160, ஆக 28,800. முதல்முறைச் சலுகை தீர்ந்தபின், 99.99 அமெரிக்க டாலர் பொட்டலத்தில் வருவது 8,080. நான்கு பொட்டலம் வாங்கினால்தான் நிறையும். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாமல் போவதற்கென்றே பணத்தைக் கிரிஸ்டலாக்கி, கிரிஸ்டலைப் பிரைமோஜெம்மாக்கி, அதை ஃபேட் என்ற இழுப்புச் சீட்டாக்கி மூன்று முறை நாணயம் மாற்றுகிறார்கள். பெல்ஜியம் 2018இலேயே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் என்ற அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நான் சொன்னால் அப்பா திட்டுகிறார் என்பான். நீ ஒரு தாளில் இந்தப் பெருக்கலை அவனையே போடச் சொல், அக்கா சொன்னால் செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, பயாஸ் வேலையை அன்றே முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒன்று மட்டும் உன்னிடமிருந்து வேண்டும். டிரைவுக்கு நீ பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டு வைத்திருக்கிறாய். பயாஸ் மாறியதும் அல்லது எஃப்டிபிஎம்மைத் தொட்டதும் அது நம்மைத் திருடன் என்று நினைத்து 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவேன், ஆனாலும் அந்த எண் கையில் இல்லாமல் பெட்டியைத் திறக்கமாட்டேன். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெக்கவரி கீ என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாதே. சனிக்கிழமை இரவு கூப்பிட்டு வாசி, நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா