மீரியபெத்தையில் அப்பா படத்தைத் தேடித் தந்த தம்பிக்கு

2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். லயத்தில் நாங்கள் இருந்த அறை, எங்கள் காம்பரா, போய்விட்டது.

சேறு தோண்டிய இராணுவத் தம்பி, உங்களைத்தான் தேடுகிறேன். மண்ணுக்குள் கிடந்த அப்பாவின் கல்யாணப் போட்டோவை யாரும் கேட்காமலே ஓடைத் தண்ணீரில் அலசி, சட்டைக்குள் வைத்துக் காயவைத்து, முகாமில் ஒவ்வொருவராகக் காட்டி விசாரித்து வந்தீர்களே! உங்களுக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. "அம்மே" என்று நீட்டினீர்கள், அவ்வளவுதான். உங்கள் நகக்கண்ணெல்லாம் சேறு. ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனீர்கள். அம்மாவுக்கு இன்றும் அதுதான் குறை.

படத்தில் ஒரு மூலை அழிந்துவிட்டது. அப்பா முகம் அப்படியே இருக்கிறது, தம்பி.