முக்குடைக்கு மீண்டும் சபையார் காவல் வேண்டும்

கீழக்குயில்குடி, நரசிங்கம், அரிட்டாபட்டி, கீழவளவு என மதுரையைச் சுற்றிச் சமணச் சிற்பங்கள் உள்ள ஊர்களின் கிராம சபைகளுக்கு வணக்கம்.

உங்கள் மலையில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்களில் பலர் புத்தர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் உள்ள செட்டிப்புடவு என்ற குகையில் இருப்பவரைச் செட்டியார் என்று சொல்லியே பழகியிருக்கிறது. அவருடைய தலைக்கு மேலே பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் முக்குடை. அதன் கீழே இருப்பவர் சமணத் தீர்த்தங்கரர், அதாவது ஆசையை வென்று மற்றவர்க்கு வழிகாட்டியவர் என்று சமணர்கள் வணங்கும் அருகர்.

பாண்டியர்கள் வெண்கொற்றக் குடையின் கீழ் ஆண்டவர்கள். குடை என்றால் ஆட்சி, அதன் நிழல் என்றால் குடிகளுக்குப் பாதுகாப்பு. அந்த அரசச் சின்னத்தை, வீடு, நிலம், உடை எல்லாவற்றையும் துறந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒன்றுக்கு மூன்றாகப் பிடித்திருக்கிறார்கள். மூவுலகுக்கும் அவரே தலைவர் என்பது பொருள். ஆசையை வென்றவர் அரசனைவிடப் பெரியவர் என்பதை எழுத்தறியாதவருக்கும் இந்தக் கல் சொல்லிவிடுகிறது. இந்தச் சின்னத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு அதுதான் காரணம். மூன்று குடைக்கும் சந்திராதித்தம், நித்தவினோதம், சகலபாசனம் என்று தனித்தனிப் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை முக்குடையோடுதான் தொடங்குகிறது. மூன்று நிலவுகளை அடுக்கிய குடை என்கிறார் இளங்கோ. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு நம் மதுரையை நோக்கி நடந்து வரும் வழி அது.

முக்குடை மலையில் மட்டும் இருக்கவில்லை, வயலிலும் இருந்தது. சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலக்கல் நட்டார்கள், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல். அதேபோலச் சமணத் துறவிகள் தங்கும் பள்ளிக்குக் கொடையாக விட்ட பள்ளிச்சந்த நிலத்துக்கு முக்குடைக்கல். வரப்போரம் மூன்று குடை பொறித்த கல் எதுவும் தென்பட்டால் அதைப் பிடுங்கித் துவைகல்லாகப் போட்டுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சுனையின் மேலே வரிசையாகச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பாகுபலி என்ற சமணத் துறவியும் உண்டு. அவர் தீர்த்தங்கரர் அல்லர், அதனால் முக்குடை அவருக்கு உரியதல்ல. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ளவற்றில் ஒரு பெயர் குணமதியார். அச்சணந்தி என்ற துறவியின் தாயார். மகன் துறவியாகி ஊர் ஊராக, மலை மலையாகத் திருமேனிகள் செய்வித்தார். தாயும் தன் பங்குக்கு ஒரு திருமேனி செய்வித்துப் பெயரைப் பொறித்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர் அது. அந்த மலையில்தான் இன்று பெயின்டால் காதலர் பெயர்களை எழுதிவிட்டுப் போகிறார்கள். பாட்டில்களை உடைத்துப் போடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை.

இதை உங்களுக்கு எழுதத் தூண்டியவை நரசிங்கத்தில் உள்ள ஆனைமலையின் கல்வெட்டுகள். அங்கே சிற்பத்தைச் செய்வித்தவர் பெயரோடு, அதற்கு யார் 'இரட்சை', அதாவது காவல், என்பதையும் வெட்டியிருக்கிறார்கள். நரசிங்கமங்கலத்துச் சபையார் இரட்சை என்று இருக்கிறது. அந்தத் திருமேனியைக் காப்பது ஊர்ச்சபையின் கடமை என்று சபையே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே மலையடிவாரத்தில் 770ஆம் ஆண்டு எழுந்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிறது. பெருமாளைக் கும்பிட்ட ஊரார்தான் தீர்த்தங்கரருக்கும் காவல் நின்றார்கள். நம் பக்கத்து மதநல்லிணக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் பார்த்ததில்லை.

தொல்லியல் துறையின் பலகை இருக்கிறதே, சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் இரவில் மலையேறுகிறவனைப் பார்ப்பது ஊர்க்காரர்தானே? கிராம சபையின் குரலுக்கு என்ன வலு என்பதை அரிட்டாபட்டி காட்டிவிட்டது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகச் சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அன்று காப்பாற்றப்பட்ட மலைகளில் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரரும் இருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். "எங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கும் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் இச்சபையாரின் இரட்சை" என்று தீர்மானப் பதிவேட்டில் ஏறட்டும். மலையடியில் ஒரு பலகை வையுங்கள். முக்குடை என்றால் என்ன, மேலே இருப்பவர் யார் என்று நாலு வரி தமிழில் இருந்தால் போதும். விடுமுறை நாட்களில் சுனைப் பக்கம் ஊர் இளைஞர்கள் இருவரை நிற்க வையுங்கள். எழுத்தை அழிக்கிறோம் என்று யாரும் ஆசிட்டோ கம்பிப் பிரஷ்ஷோ எடுத்துப் போய்விட வேண்டாம், அது தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவு செய்ய வேண்டிய வேலை. அவர்களை அழைக்கச் சபையிலிருந்து ஒரு கடிதம் போகட்டும்.

அப்புறம், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு முறையாவது மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் அழைத்தாலும் கூட வந்து குடை குடையாகக் காட்டிக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
இந்த மலைகளில் ஏறி இறங்கும் ஒரு மதுரைக்காரன்