துண்டுச் செய்திகளைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் நூலகங்களில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளை எடைக்குப் போடுகிறார்கள் என்று படித்ததும் மனசு பதறியது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைப் பங்குகளில் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிகளில்) 19ஆம் நூற்றாண்டு ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது, 1810இல் ட்ரூரோவில் தொடங்கிய ‘வெஸ்ட் பிரிட்டன்’ போன்ற வாரப் பத்திரிகைகளின் துண்டுச் செய்திகளில்தான் கிடக்கிறது: எத்தனை பீப்பாய் மத்திக்கு உப்புப் போட்டார்கள், அது இத்தாலிக்கு எப்போது கப்பல் ஏறியது, எந்தப் பாறையில் யாருடைய கப்பல் உடைந்தது. கரை ஒதுங்கும் பிணங்களை அந்தந்தப் பங்கே தன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 1808இல் சட்டமே வந்தது (அதற்கு முன் மணலிலேயே புதைத்துவிடுவார்கள், கொடுமை). பங்குப் பதிவேட்டில் அந்த அடக்கம் ஒரு வரி. அன்றைக்கு அடித்த புயலை, கரைக்கு ஓடிய ஆட்களைப் பத்திரிகைதான் சொல்லும். நம் நூலகங்களும் எடைக்கடையைக் கூப்பிடும் முன் ஒரு பிரதியாவது மின்வடிவில் எடுத்து வைக்கட்டும்.

— ஒரு வாசகர்