மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெட்டி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, கொசு அடித்துக்கொண்டே ஆபீஸ் மீட்டிங் பேசியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "கேபிள் இழுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுவரில் துளை என்ற பேச்சை எடுத்தாலே அம்மா முறைக்கிறாள். அதனால் ஒயர் இழுக்காமலேயே உன் அறைக்கு வைஃபை கொண்டுவந்துவிட்டேன்.

கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் ரவுட்டரைத் தெரு ஜன்னலோரம், டி.வி.க்குப் பின்னால் சொருகிவிட்டுப் போயிருந்தான். பக்கத்தில் இரும்பு பீரோ. இரும்புக்குள் அலை நுழையாது. மிச்சத்தில் பெரும்பங்கு தெருவுக்குப் போயிருக்கும். ஃபைபர் கொஞ்சம் சுருட்டி விட்டிருந்தது. அதைப் பிரித்து, ரவுட்டரை மாடிப்படி பக்கமுள்ள அலமாரியின் மேல் ஏற்றினேன். ஃபைபருக்குள்ளே இருப்பது கண்ணாடி இழை, சாதா ஒயர் மாதிரி மடக்கினால் போச்சு. வளையல் சுற்றளவுக்குக் குறையாமல் சுற்றலாம் என்று அம்மாவின் வளையலையே அளவுக்கு வாங்கிக்கொண்டேன்.

போனில் சிக்னல் அளக்கிற ஆப் ஒன்று போட்டிருக்கிறேன். எண் மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. உன் மேஜையில் மைனஸ் 84 இருந்தது, ரவுட்டரை நகர்த்தியதும் 75 ஆனது. காசு செலவில்லை. ஆனால் வீடியோ அறுபடாமல் வர 67 பக்கமாவது வேண்டும்.

அடுத்து, பக்கத்து வீட்டு ரிப்பீட்டரை, அதாவது வைஃபையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பெட்டியை, இரவல் வாங்கி உன் அறையிலேயே மாட்டினேன். அது என் தப்பு. அரைகுறையாகக் கேட்டவன் சொல்லும் சேதியும் அரைகுறைதானே? சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைத்தால்தான் அதற்கும் சரியாகக் கேட்கும். அதோடு அந்த மாதிரி சின்னப் பெட்டி ஒரே சேனலில் கேட்டுவிட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும்.

அப்புறம் கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் ஜோடிப் பெட்டி வாங்கினேன். கீழே ஒன்று, மாடியில் ஒன்று சொருகினால் போதுமாம். நமக்குத் தெரிந்த வேலை என்ற மிதப்பு எனக்கு. சொருகினால் விளக்கு சிவப்பிலேயே நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸில் கீழ் வீடு ஆர் ஃபேஸ், மாடி ஒய் ஃபேஸ். இரண்டும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் அது ஒழுங்காகப் பேசும். மாடி கட்டும்போது லோடு சமமாக இருக்கட்டும் என்று பிரித்துக் கொடுத்தவனே நான்தான்! முப்பது வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் இதை மறந்தேன் என்று வெளியே சொல்லிவிடாதே. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்காக மாடி லைனை மாற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் மெஷ் வாங்கினேன், ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு பெட்டி. ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து இணைத்து, ரவுட்டரின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். இன்னொன்றுக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வருகிறது. 5 வேகமானது, ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் 2.4-ஐவிடச் சீக்கிரம் துவண்டுவிடும். நம் வீட்டில் தளம் இல்லாத இடம் எது? மாடிப்படிக்கு விட்ட திறப்பு. படி திரும்பும் இடத்தில் வைத்தால் கீழ்ப் பெட்டியும் நேராகத் தெரிகிறது, உன் அறைக் கதவும் தெரிகிறது. அங்கே உள்ள பிளக் பாயிண்ட் படிக்கட்டு லைட்டோடு இன்வெர்ட்டர் லைனில் இருப்பது நம் அதிர்ஷ்டம். கீழே ரவுட்டரையும் அதே லைனுக்கு மாற்றிவிட்டேன், கரண்ட் போனாலும் நெட் நிற்காது.

இப்போது உன் மேஜையில் மைனஸ் 52. பத்து எண் ஏறினால் சக்தி பத்து மடங்கு என்று கணக்கு. 84-இலிருந்து 52 என்றால் ஆயிரத்து ஐநூறு மடங்குக்கு மேல். வேகம் அப்படி ஏறாது. கீழே நொடிக்கு 94 மெகாபிட் வருகிறது, மாடியில் 50 சொச்சம். மீட்டிங்குக்கு அது தாராளம்.

நீ உட்கார்ந்து பேசிய அதே படியில்தான் பெட்டி இருக்கிறது. இறங்கும்போது காலால் தட்டிவிடாதே. பாஸ்வேர்டு பழையதுதான். மாற்றினால் அம்மா போனில் மறுபடி நான்தான் போட்டுக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா