உள்ளான்கள் கிளம்புவதற்குள் வந்துவிடு

வேதாரண்யம்,
மார்கழி 22

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் நான்கு நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கோடியக்கரைக்குக் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தள்ளிப் போட்டதில் உனக்குச் சொல்ல நிறையச் சேர்ந்திருக்கிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்லிவிடு.

இந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை கடைசி வரை விடவில்லை. அகஸ்தியன்பள்ளி உப்பளங்களில் பாத்தியும் வரப்பும் தெரியாமல் ஒரே வெள்ளம். இப்போதுதான் கொஞ்சம் வடிகிறது. தை பிறந்த பிறகுதான் பாத்தி மிதிக்க இறங்குவார்கள். காற்று முழுக்க வாடைதான். விடியற்காலையில் சதுப்பு நிலத்தின் மேல் பனி இடுப்பளவுக்குத் தேங்கி நிற்கிறது. அதற்கு மேலே தலையும் கொம்புமாக வெளிமான்கள் மட்டும் மிதந்து போவதுபோல் தெரியும். அவற்றின் கால்களைப் பார்க்கவே முடியாது.

கோடியக்கரையில் கரை செங்குத்தாகத் திரும்புகிறது என்று நாம் வரைபடத்தில் பார்த்திருக்கிறோம், இல்லையா? வாடைக் காலத்தில் அதை உடம்பிலேயே உணரலாம். கிழக்குக் கரையில் நின்றால் கடல் சேறு கலக்கியதுபோல் பழுப்பாக இரைகிறது, மணல் பறந்து கண்ணில் அடிக்கிறது. முனையைச் சுற்றி மேற்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் காற்று முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாக் நீரிணை தொட்டித் தண்ணீர் மாதிரி கிடக்கும். வெளியூர்களிலிருந்து பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்கள் ஐப்பசியிலேயே குடிசை போட்டுவிட்டார்கள். பங்குனி வரை இருப்பார்கள்.

கிழக்குக் கரையில் ஒரு விளையாட்டு நடக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். இராவணன் மீசை ஞாபகம் இருக்கிறதா, வெறுங்காலில் மிதித்துவிட்டு நீ அலறிய அதே முள்ளுப் புல். அதன் காய்க்குலை முற்றினால் தேங்காயைவிடப் பெரிய முள்ளுருண்டையாகக் காம்போடு கழன்று விழுந்துவிடும். வாடை அதைத் தூக்கி ஓட்டுகிறது. முள் நுனிகளாலேயே நடப்பதுபோல் துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஒன்றைத் துரத்திக்கொண்டே நடந்தேன். ஈர மணலில் ஊசியால் தைத்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தடம். வழியில் நண்டு ஒன்று பயந்து வளைக்குள் ஓடியது. கடைசியில் அடும்புக் கொடியில் மாட்டிக்கொண்டு நின்றது. அங்கேயே மணல் மூடி, விதை முளைத்து, இன்னொரு மேடு உண்டாகும். கரையைப் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டு செடிகளும்தான். இரண்டையும் களை என்று நினைத்துப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, பறவைகளுக்கு வருகிறேன். நீ கேட்டதும் அதைத்தான். பூநாரைகள் வந்திருக்கின்றன. கட்ச் பக்கத்து உப்பு வெளியில் கூடு வைக்கிற கூட்டம். தண்ணீர் இன்னும் ஆழமாக இருப்பதால் தூரத்தில்தான் நிற்கின்றன. இளசுகள் சாம்பல் நிறமாக அம்மாக்களின் நடுவே தெரிகின்றன. உப்பு நீரில் இருக்கும் நுண்பாசியையும் சின்ன இறாலையும் தின்று தின்றுதான் அந்த ரோஜா நிறம் வர வேண்டும், அதற்கு இன்னும் வருஷங்கள் ஆகும்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இப்போது நான் பூநாரைக்காகப் போவதில்லை. அந்தக் காலத்தில் நாம் இரண்டு பேரும் பூநாரை தெரிந்தால் நல்ல நாள், தெரியாவிட்டால் வீண் நாள் என்று திரும்பிவிடுவோம். காலடியில் ஓடிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பொடிசுகளை ஒருநாளாவது நின்று பார்த்தோமா? எனக்கு அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. சேற்றோரம் இரை தேடும் அந்தச் சின்னப் பறவைகள்தான் உள்ளான்கள். இரண்டு வருஷமாகத்தான் அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சதுப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பிறகு கால் நீளத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். பூநாரை ஆழத்தில். அதற்கு இப்பால் முழங்கால் தண்ணீரில் சிவந்த கால்களோடு பவளக்காலி. தண்ணீரும் சேறும் சேரும் விளிம்பில் கொசு உள்ளான். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் ஓரத்தில் நிற்பவற்றுக்குச் சோறு கிடையாது, வேறு இடம் தேடிப் பறக்க வேண்டும். அதனால்தான் இந்த வருஷம் இவ்வளவு மழைக்குப் பின் வடிகிற ஒவ்வொரு விரற்கடையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கொசு உள்ளான் என் செருப்புக்கு நான்கு அடி தூரம் வரை வந்தது. தையல் இயந்திரம் மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே வந்தது. மூக்கு நுனியில் ஒரு புழு நெளிந்தது, ஒரே இழுப்பு, முடிந்தது. எடை முப்பது கிராம்கூட இருக்காது, கடிதம் அடைத்த ஒரு தபால் உறை கனம். அது ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர வெளியில் முட்டையிலிருந்து வந்தது. இங்கே அதற்கு வழி சொன்னவர் யாரும் இல்லை. உனக்கு எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் ஒரு மனக்குறை. விடுமுறை நாட்களில் வருகிறவர்களில் சிலர், கூட்டமாக எழும்பினால் படம் நன்றாக வரும் என்று கைதட்டி ஓட்டுகிறார்கள். அவை திரும்பிப் போவதற்கு முன் தின்று கொழுப்புச் சேர்க்க வேண்டும். தின்கிற நேரம் குறைகிறது, சேர்த்ததும் பறப்பதில் கரைகிறது. நான் ஒரு பையனிடம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், என் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியிலும் பார்த்தான். எல்லோரும் அப்படிக் கேட்பதில்லை.

ஐப்பசியில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு விடியற்காலை முருங்கை மரத்தடியில் பட்டாடைத் துண்டு ஒன்று கிடப்பதுபோல் தெரிந்தது. பக்கத்தில் போனால் ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து களைத்து இறங்கியிருக்கிறது. முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மை தீட்டிய கறுப்பு. கையில் எடுத்தால் இதயம் படபடவென்று விரலில் இடிக்கிறது. பூனைக்குப் பயந்து அட்டைப் பெட்டியில் துளை போட்டு இருட்டில் வைத்தோம். சாயங்காலம் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது, பிறகு வேலிக்குள் தத்திப் போய்விட்டது. மறுநாள் காலை வேலிப் பக்கம் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்டது. அதுதானா வேறொன்றா என்று நான் ஆராயவில்லை. அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

காட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு நீ வரவில்லை. அன்று ஏராளமான மரங்கள் சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கின. அந்தக் காட்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் நாம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்து உட்கார்ந்த அந்தப் பாலை மரம் படுத்த வாக்கிலேயே உயிரோடு இருக்கிறது. பக்கக் கிளை ஒன்று நிமிர்ந்து தனி மரம் போல வளர்ந்துவிட்டது. போன வாரம் அதில் ஒரு குரங்குக் குடும்பம் வெயில் காய்ந்தது. புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏறி வருவதுதான் கவலை. வெளிமானுக்கு ஓடத் திறந்த வெளி வேண்டும்.

நீ தை மாதம் வரலாமா என்று கேட்கிறாய். தாராளமாக வா. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது, நான் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். ஆனால் ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் பங்குனி பாதியில் வா. வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் சுண்டியிருக்கும், பூநாரைகள் இருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் கிளம்புவதற்கு முன் உள்ளான்கள் நிறம் மாறும். வளைந்த மூக்குள்ள ஒரு வகை இருக்கிறது, குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகவே திரிவது, அது மார்பிலிருந்து வயிறு வரை செங்கல் சிவப்பாகிவிடும். சைபீரியாவில் ஜோடி தேடுவதற்கான கோலம். நமக்குக் காட்டுவது கடைசிச் சில நாட்கள்தான். போன வருஷம் முதல்முறை பார்த்தேன். பார்த்தபோது நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

பழைய தொலைநோக்கி உன்னிடம்தானே இருக்கிறது? அதையும் எடுத்து வா. என்னுடையதில் ஒரு கண் மங்கிவிட்டது.

அன்புடன்,
உன் பழைய நடைத்துணை