இரவு ஒன்பதரை மணி அழைப்புக்கு நன்றி

நம் நடைக் குழுவினருக்கும் கூடவே நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c அளவு 6.8 சதவீதம். ஏழுக்குக் கீழே என்று டாக்டர் சொன்னபோது கை நடுங்கியது. சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய் லோ சுகர் ஆகிவிட்டதோ என்று பயந்து அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தேன், இல்லை. சந்தோஷத்திலும் கை நடுங்கும் என்பது மறந்தே போயிருக்கிறது.

நடந்தது என்ன என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப விவரிக்கத் தெம்பில்லை, தேவையும் இல்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மொத்தமாக ஒன்று. நான் நடக்க ஆரம்பித்ததும் மாத்திரை அளவைக் குறைத்து, “உடற்பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்” என்று கண்டிப்பாகச் சொன்ன டாக்டருக்கு. எதையும் ‘தொடவே கூடாது’ என்று சொல்லாமல், எப்போது எவ்வளவு என்று மட்டும் உட்கார்ந்து பேசிய உணவு ஆலோசகருக்கு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் பயிற்சியாக்கி, வாரத்தில் இரண்டு நாள் விடாமல் செய்ய வைத்தவருக்கு. பாதி வழியில் எனக்கு வியர்த்துக் கொட்டியபோது பையிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கும்வரை கூடவே திண்ணையில் உட்கார்ந்திருந்த இருவருக்கும். “ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து ரெண்டு நாள் விடக்கூடாது” என்று குழுவுக்குச் சட்டம் போட்ட பெரியவருக்கும் நன்றி. நடையின் பலன் உடம்பில் ஓரிரு நாள்தான் தங்கும் என்பதால் வந்த சட்டம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவரை வெறும் கறார் பேர்வழி என்றே நினைத்திருந்தேன்.

இனி அக்காவைப் பற்றி. பெயரைப் போடக்கூடாது என்பது அவர் கட்டளை. இந்த மடலைப் படித்தால் இவ்வளவு எழுதியதற்கே திட்டுவார்.

குழுவில் அதிகம் பேசாதவர் அவர். நடை முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும்போதுகூட, “நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்” என்று நகர்ந்துகொள்வார். ஒருநாள் என் முறை வந்தபோது, பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் இன்னொரு சாப்பாடு ஆரம்பிக்கிறது, நிறுத்த முடியவில்லை என்று சொன்னேன். ஆளுக்கொரு யோசனை வந்தது. தண்ணீர் குடியுங்கள், பல் தேய்த்துவிடுங்கள், சீக்கிரம் படுங்கள், அலமாரியைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள்தான். அளவு மீறிச் சாப்பிடுகிறவனுக்கு இவை எல்லாம் மனப்பாடம் என்பதுதான் சிக்கல். அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது.

“தம்பி, சாப்பிட்டாச்சா?”

“ஆச்சுக்கா.”

“செருப்பை மாட்டிக்கோங்க. நடந்துகிட்டே பேசுவோம்.”

அவர் வீட்டுக் கூடத்தில் அவரும், என் வீட்டுக் கூடத்தில் நானும் நடந்தோம். பேச்சு எதைப் பற்றியும் இருக்கும். பேத்தி கணக்கில் போட்ட தப்பு, காணாமல் போன மூக்குக்கண்ணாடி, பக்கத்து வீட்டில் ஓயாமல் சுவர் இடிக்கும் சத்தம். சர்க்கரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. எவ்வளவு சாப்பிட்டாய், காலையில் எவ்வளவு இருந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கால் மணி நேரம் ஆனதும், “சரி, வெச்சிடறேன்” என்பார். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் எதற்குச் செருப்பு என்று ஒருமுறை கேட்டேன். அவருக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப் போய் ரொம்ப நாளாகிறது. வீட்டுக்குள்ளேயே எதையோ மிதித்து, தரையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் யாருக்கு அடிபட்டது என்று தேடியிருக்கிறார். அவருடைய கால்தான். அதிலிருந்து, நடந்து முடித்ததும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இப்போது நானும் பார்க்கிறேன்.

சில இரவுகள் நான் போனை எடுக்கவில்லை. காரணம் உங்களுக்கே புரியும். மறுநாள் அதே நேரத்துக்கு அழைப்பு வரும். “நேத்து ஏன் எடுக்கல?” என்ற கேள்வி மட்டும் வரவே வராது. செருப்பு மாட்டியாச்சா, அதுதான் கேள்வி. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. விசாரணை இல்லாத ஒரு குரலை அதற்கு முன் இந்த விஷயத்தில் நான் கேட்டதே இல்லை.

இது ஏன் பலித்தது என்று பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தசைகள் வேலை செய்யும்போது இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. அதனால் சாப்பிட்டதும் சிறிது நடந்தால் ஏற வேண்டிய சர்க்கரை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரவும் இருபது நிமிடம் போல ஆகுமாம். அந்த இடைவெளியில்தான் என் கை அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது, அந்த இடைவெளியைத்தான் அக்காவின் பேச்சு கடத்திவிட்டது. பசி என்றால் எது கிடைத்தாலும் போதும் என்றிருக்கும். என்னுடையது பசியே இல்லை, குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும், அதையும் இப்போதே கேட்கும். கால் மணி நேரம் காக்க வைத்தால் பெரும்பாலும் அதுவே அடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் நான் உற்சாகமாக அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. எனக்கும் அந்த நேரந்தான் கஷ்டம். தனியா இருந்தா சமையலறைக்குள்ள போயிடுவேன். அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டதும், சரி, ரெண்டு பேரா இருந்துக்கலாம்னு தோணிச்சு.”

அதுவரை இத்தனை வருடம் நோயைக் கட்டி ஆண்டவர் புதியவனுக்குக் கை கொடுக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவரும் அதே அலமாரிக்கு எதிரில் நின்றுகொண்டுதான் என் நம்பரை அழுத்தியிருக்கிறார். மருந்தும் ஆலோசனையும் தருபவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் இல்லாமல் இந்த 6.8 இல்லை. ஆனால் டாக்டர் என்னை வருடத்தில் சில முறைதான் பார்க்கிறார். மீதி இரவுகள் எல்லாம் என் பொறுப்பில். அந்த இரவுகளில் வந்து சேர, அதே பயம் உள்ள இன்னொருவரால்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

‘வாயைக் கட்டத் தெரியாதா’ என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுப்பாடு கைவிட்டுப் போய் அளவுக்கு மீறி உண்பதை, 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனிக் கோளாறாகவே சேர்த்துவிட்டது. அதிகம் சாப்பிடுகிற எல்லோருக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க மனநல ஆலோசகர் இருக்கிறார். என்னை அவரிடம் அனுப்பிய நண்பருக்கும் நன்றி, அன்று நான் கோபித்துக்கொண்டதை அவர் மறந்திருப்பார் என்று நம்புகிறேன்.

மூன்று மாத சராசரி எப்படி வருகிறது என்று குழுவில் ஒருவர் சொன்னதும் நினைவிருக்கிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். அதனால் ஒரு நல்ல வாரத்தைக் காட்டி அதை ஏமாற்ற முடியாது, ஒரு மோசமான இரவு மொத்தத்தையும் கெடுத்துவிடவும் முடியாது என்றார். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டுதான் பல காலைகளில் எழுந்து வந்தேன்.

மாத்திரை தொடர்கிறது. நடையும் தொடர்கிறது. அடுத்த ரிசல்ட்டில் எண் ஏறவும் செய்யலாம். ஏறினாலும் குழுவில் சொல்வேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்து, கடைசியில் தனியாக நடந்துகொண்டிருந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இன்று முதல் கூப்பிடுவேன். எடுக்கத் தோன்றவில்லையென்றால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் கூப்பிடுவேன். ஒன்பதரை அக்காவுக்குப் போய்விட்டது, அதனால் உங்களுக்கு ஒன்பது மணி. அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.