அந்த 53 குறித்து என் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கணினி நிரலாக்க வகுப்பில் சேர்ந்துவிட்டதாக நீ அனுப்பிய ஒற்றை வரிச் செய்தியைப் படித்ததும் முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. நான் உனக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லித்தந்த நம் பாடம் பாதியில் நின்று பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற கணக்கு அதன் பின்னால் வந்தது. அது நின்றதற்கு அப்போதைய வீட்டுச் சூழலும் ஒரு காரணம். பிறரும் படிக்கும் இடம் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

அந்த நாட்களில் நீயாகவே எழுதிய முதல் நிரலில்தான் அந்த 53 வந்தது. இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். 5 என்று தட்டினாய், 3 என்று தட்டினாய். திரையில் 53 என்று வந்தது. சிரித்துவிட்டு, “ஏன் அண்ணா இப்படி?” என்று கேட்டாய். நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, இரண்டு இடங்களில் ‘இன்ட்’ என்று சேர்த்து, 8 வந்ததும், “இப்படித்தான் எழுத வேண்டும்” என்று சொல்லிவிட்டு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்புக்குத் தாவிவிட்டேன்.

பைத்தானில் ‘இன்புட்’ என்ற கட்டளை வழியாக, அதாவது நாம் தட்டுவதாக, உள்ளே வருவது எதுவானாலும் அது எழுத்துச் சரமாகவே, வெறும் எழுத்துகளின் தொடராகவே வருகிறது என்றும், நான் சேர்த்த ‘இன்ட்’ அதை முழு எண்ணாக மாற்றுகிறது என்றும் அப்போது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டல் குறி எண்களுக்கு நடுவே நின்றால் கூட்டும். சரங்களுக்கு நடுவே நின்றால் ஒன்றின் வாலில் மற்றொன்றை ஒட்டும். ஆகவே நீ எழுதியதற்கு 53 என்பதே சரியான விடை. ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்று பார்க்கும் ‘தரவு வகை’ என்ற பாடம் முழுவதும் அந்த இரண்டு இலக்கங்களில் உன் கண்முன் கிடந்தது. அதை அழித்தவன் நான். மன்னித்துவிடு.

என் அவசரத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. வரிசை, நிபந்தனை, மீள்செய்கை ஆகிய மூன்று கட்டமைப்புகளைக் கொண்டே எந்தக் கணக்கீட்டையும் நிரலாக எழுதிவிடலாம் என்று 1966-இல் போம், யாக்கோபினி என்ற இருவர் நிறுவியிருந்தார்கள். அந்த மூன்றையும் உன் கையில் கொடுத்துவிட்டால் மற்றதை நீயே பிடித்துக்கொள்வாய் என்று நம்பினேன். அந்த மூன்றும் எதை எடுத்து வேலை செய்கின்றனவோ, அந்த மதிப்பு எண்ணா எழுத்தா என்பதையே சொல்லாமல் கடந்துவிட்டேன். ஆனால் நீயும் அதன்பிறகு ஒரு முறைகூடத் திரும்பக் கேட்கவில்லை. அண்ணனுக்குப் பொறுமை இல்லை என்று எல்லாரிடமும் சொன்ன நீ அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். இன்று யாரோ ஒருவரிடம் நீ முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறாய் என்பது வலிக்கத்தான் செய்கிறது.

இருந்தாலும் நன்றாகப் படி. வகுப்பில் ‘இன்ட்’ சொல்லித் தந்ததும், எண் கேட்கும் இடத்தில் உன் பெயரைத் தட்டிப் பார். நிரல் ‘வேல்யூ எரர்’, அதாவது மதிப்பில் பிழை, என்று சொல்லி நின்றுவிடும். எந்த வரியில் நின்றது, ஏன் நின்றது என்று யோசித்துவிட்டு மடிக்கணினியோடு வீட்டுக்கு வா. இம்முறை விசைப்பலகையை நான் தொடமாட்டேன்.

உன் அண்ணன்